மாயாவின் ‘அருளர்’: முழக்கத்தில் கரைந்த ஊர்

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசத்தின் முதல் ஆல்பம் ‘அருளர்’ 2005 மார்ச்சில் வெளிவந்தது. ஈழத்துப் பெண் ஒருத்தி உலக மேடை ஏறிவிட்டாள் என்ற பெருமிதத்தில் நம்மில் பலர் அதைப் பற்றிப் பேசினோம். உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. ‘ஈழத்தின் குரல்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அதன் சாதனையும் தெரியாது, குறையும் தெரியாது. என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் பலம் முழுக்கத் தாளத்திலும் உச்சரிப்பிலும் இருக்கிறது. போரைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் அது தடுமாறுகிறது.

மாயா இசை படித்தவர் அல்ல. லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் முற்றிய பிறகு 1986-இல் அகதியாக லண்டன் திரும்பி, மிச்சம் என்ற பகுதியின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். சென்ட்ரல் செயிண்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது திரைப்படம். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 என்னும் கருவியைப் பழகிப் பார்க்கும்படி தூண்டினார். டிரம் ஒலி, சிந்தசைஸர், அடுக்கிப் பதியும் வசதி எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய கருவி அது. படுக்கையறையில் அதை வைத்துக்கொண்டு அவர் தட்டிப் பார்த்தவைதான் ஆல்பத்தின் விதை.

அந்த எளிமையே ஆல்பத்துக்கு முகம் கொடுத்தது. 2003-இல் முதலில் 500 இசைத்தட்டுகள் மட்டுமே அச்சான ‘கலாங்’ பாட்டைக் கேளுங்கள். கரகரப்பான அடித்தாளம், மேலே ஓரிரண்டு ஒலிகள், நடுவே நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தைக் குரல் நிரப்புகிறது. மெட்டெடுத்துப் பாடாமல், தாளத்தின் மேல் சொற்களைத் தட்டித் தட்டி வைக்கிறார். ஜமைக்காவின் கொச்சை, கிழக்கு லண்டன் வழக்கு, இவருடைய சொந்த இழுப்பு மூன்றும் கலந்த உச்சரிப்பு. பாட்டின் கடைசியில் சொல் எல்லாம் விலகி, பல குரல்கள் சேர்ந்து வெறும் கூவலாக எழும்பும்போது, அதுவரை இறுகியிருந்த பாட்டு சட்டென்று அகன்று திறக்கிறது. பயிற்சி பெற்ற இசையமைப்பாளர் அந்த இடத்தை இன்னும் அலங்கரித்துக் கெடுத்திருப்பார்.

‘பக்கி டன் கன்’ இன்னொரு வகை. ‘ராக்கி’ படத்தின் எக்காளத்தை எடுத்து, ரியோவின் குடிசைப் பகுதிகளில் பிறந்த ஃபங்க் தாளத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். தாளத்தின் மூலம் டெய்ஸே டிக்ரோனா என்ற பிரேசில் பாடகியின் பாட்டு. மாயா நகரங்களின் பெயரைச் சொல்லி அதட்டி அமைதிப்படுத்திவிட்டு உள்ளே நுழைகிறார். அந்த மிடுக்கு எனக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை. ஆனால் ஏழைப் பகுதிகளின் ஒலிகளை ஒன்றிணைக்கிறோம் என்று பேசுகிற ஆல்பத்தில், அந்த ரியோ பெண்ணின் பெயர் கேட்பவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. அது நியாயமில்லை.

இதே அநியாயம் மாயாவுக்கும் நடந்தது. இந்தப் பாட்டில் பணியாற்றியவர் இசைத் தயாரிப்பாளர் டிப்லோ. ஆல்பம் முழுவதையும் செதுக்கியவரே அவர்தான் என்பதுபோல் பத்திரிகைகள் எழுதின. 2007-இல் ஒரு பேட்டியில் மாயா இதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு பெண் ராப் ஆல்பம் போட்டால், பின்னால் எந்த ஆண் இருக்கிறார் என்று தேடுவது ஹிப் ஹாப் உலகின் பழைய நோய்.

இனி குறைக்கு வருகிறேன். ராப் கலையாக மட்டும் எடைபோட்டால் மாயாவின் வரிகள் மெலிந்தவை. இயைபு பெரும்பாலும் வரியின் முடிவோடு நின்றுவிடுகிறது. ஓர் எண்ணத்தை எடுத்து நாலு வரி வளர்ப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். இந்த ஆல்பத்துக்கு மூன்றாண்டு முன்பு மெர்குரி இசைப் பரிசு வென்ற லண்டன்காரி மிஸ் டைனமைட், பக்கத்து மனிதர்களின் வாழ்க்கையை நின்று நிதானித்துச் சொன்னவர். மாயாவிடம் அந்தப் பொறுமை இல்லை. ஆடவைக்கும் பாட்டில் இது ஒரு குறையாகவே தெரியாது. போர் என்று வரும்போது தெரிந்துவிடுகிறது.

ஆல்பத்தின் அட்டையில் அவர் முகத்தைச் சுற்றி டாங்கிகள், புலிகள், வெடிகுண்டுகள், எல்லாம் பளிச்சென்ற வண்ண அச்சுகள். அவருடைய தந்தை அருளர் ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தவர். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர் அல்ல. மேலைப் பத்திரிகைகள் பல அவரைப் புலி என்றே எழுதின. அட்டைப்படமும் அந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றியது. ‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று எம்.டி.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. அந்தத் தடைக்கு மாயா பணியாதது துணிச்சல்தான், மதிக்கிறேன். இருந்தாலும் பாலஸ்தீனம், ஈழம், லண்டன் தெரு எல்லாம் ஒரே முழக்கத்தில் கலக்கும்போது எந்த ஊரின் நோவும் தனியாக நிற்பதில்லை. துப்பாக்கி யார் கையில், எவரை நோக்கி என்று கேட்டால் பாட்டில் பதில் கிடையாது.

ஆல்பத்தின் பெயருக்குரிய தந்தை அருளர் 1978-இல் ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதினார். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகும் அகதிகளின் கதை. அரசியல் பேச்சு அதில் ஏராளம். ஆனால் பேசுகிறவர்கள் யார், எங்கே நிற்கிறார்கள், எதை இழந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். தந்தையின் பெயரைத் தலைப்பாக்கிய மகளின் ஆல்பத்தில் அப்படி ஒரு மனிதர் அகப்படுவதில்லை.

மாயாவால் முடியாது என்று சொல்ல வழியில்லை. ‘10 டாலர்’ பாட்டில், உடலை விற்றுப் பிழைக்கும் இளம்பெண் ஒருத்தி வருகிறாள். விசா வேண்டுமென்று ஒருவனோடு ஒட்டிக்கொள்கிறாள், காலம் போனபின் அவனை உதறிவிட்டுத் தன் வழியே போகிறாள். இரக்கம் காட்டும் தொனியோ அறிவுரையோ கிடையாது. சில வரிகளில் ஒரு முழு ஆயுள். ஆல்பத்தின் மிகச் சிறந்த எழுத்து அதுதான் என்பேன். சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்தவர், அங்கே தன்னோடு படித்த ஒரு சிறுமியை இப்படி நிறுத்திப் பாடியிருக்கலாம். அப்படி ஒரு பாட்டு ‘அருளர்’ ஆல்பத்தில் இல்லை.