கிறித்துவத் திருநாட்களின் தமிழ்ப் பெயர்கள்

கிறித்துவத் திருநாட்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் சில, நாளின் பொருளைத் தாமே விளக்குவன. சில, பிறமொழி ஒலியை மட்டும் சுமந்து நிற்பன. இவற்றுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்பது ஆராயத்தக்கது.

கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளை ஆங்கிலேயர் ‘ஈஸ்டர்’ என்பர். பண்டை ஆங்கிலேயர் வணங்கிய பெண்தெய்வம் ஒன்றன் பெயரினின்று அது வந்ததென எட்டாம் நூற்றாண்டில் பீடு என்னும் துறவி எழுதினார். அதற்கு முந்திய நோன்புக்காலத்தைக் குறிக்கும் ‘லெந்து’ என்பதன் முதற்பொருளோ, பனி நீங்கி வரும் இளவேனில் என்பதே. பனிக்காலமே இல்லாத பினாங்கில் இச்சொற்கள் பிள்ளைகளுக்கு எதனை உணர்த்தும்? ‘உயிர்த்த ஞாயிறு’, ‘தவக்காலம்’ என்றால் பொருள் உடனே விளங்கும்.

தவக்காலம், இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த 40 நாட்களின் நினைவாகும். இடையில் வரும் 6 ஞாயிறுகளும் இக்கணக்கிற் சேரா. அதன் முதல் நாளில், முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலைக் கத்தோலிக்கர் நெற்றியில் ஏற்பர். அந்நாளைத் ‘திருநீற்றுப் புதன்’ என்றும் ‘விபூதிப் புதன்’ என்றும் வழங்குவர். இப்பெயர் இரு சமயங்களையும் மயங்கச் செய்யும், ‘சாம்பல் புதன்’ என்பதே தக்கது எனச் சிலர் கூறலாம். இவ்வச்சம் முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. சைவர் நாள்தோறும் அணிவது சிவனருட் சின்னம்; கிறித்துவர் அன்று ஏற்பது மனந்திரும்புதலின் அடையாளம். எனினும் யாக்கை நிலையாது என்னும் உணர்வு இரண்டிற்கும் பொது. அடுப்பிலும் கிடக்கும் ‘சாம்பல்’ என்னும் சொல் அவ்வுணர்வைத் தாங்காது.

அயற்சொல் யாவும் தள்ளத்தக்கன அல்ல. ‘பாஸ்கா’ என்பது எகிப்திய அடிமைத்தளை நீங்கியதை யூதர் நினைவுகூரும் விழாவின் பெயர். அது முழுநிலவையொட்டி வருவது; கிறிஸ்து பாடுபட்டதும் அவ்விழாக் காலத்திலேயே. உயிர்த்த ஞாயிற்றை எல்லாச் சபைகளும் ஒரே நாளிற் கொண்டாட வேண்டுமென 325ஆம் ஆண்டு நிசேயாச் சங்கம் முடிவு செய்தது. மார்ச்சு 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது பின்னர் நிலைபெற்ற விதி. தண்ணீர்மலைத் தைப்பூசம் 2024இல் சனவரி 25, 2025இல் பெப்ரவரி 11 என மாறியதுபோல், உயிர்த்த ஞாயிறும் மார்ச்சு 31, ஏப்பிரல் 20 என மாறியதன் காரணம் இதுவே. இவ்வரலாற்றைக் காப்பது ‘பாஸ்கா’ என்னும் பெயர்.

ஆதலின், மறைக்கல்வி நூல் எழுதுவோர் ‘லெந்து’, ‘ஈஸ்டர்’ என்பவற்றை விடுத்து, ‘பாஸ்கா’வைப் பொருள் விளக்கத்தோடு காத்தல் வேண்டும். ‘திருநீற்றுப் புதன்’ என்பதையோ, அண்டை வீட்டுச் சைவரும் பொருளுணருமாறு வேறுபாட்டையும் கூறியே கற்பித்தல் நலம்.