பள்ளுப் பாட்டும் பயிர்ப் பாடமும்

பள்ளுப் பிரபந்தங்களை நெல்லின் பெயரும் மாட்டின் நிறமும் அடுக்கிய வெறும் அட்டவணை என்று ஒதுக்குவோர் உண்டு. முக்கூடற் பள்ளும் இவ்வேச்சுக்குத் தப்பவில்லை. ஆயினும் அவ்வட்டவணை யாருடைய அறிவு? விதை, மாடு, ஏர் எனப் பண்ணைக்காரனுக்குக் கணக்கொப்புவிப்பவன் பள்ளன். அறிவு அவனிடம், நிலம் அவனுடையதன்று. காலில் மரக்கட்டை பூட்டப்படுபவனும் அவனே. சக்களத்திச் சண்டைக்கிடையே அதையும் நகைப்பாக்கி நகர்ந்துவிட்டனர் புலவர். நமக்கு அந்நகைப்பு வரலாகாது.

அறிவையும் நிலத்தையும் பிரித்த அந்தக் கோடு எங்கள் பாடவேளையிலும் ஓடுகிறது. புளியங்குளத்து வகுப்பறையில் அமர்வோர் பலர் வயற்காரர் பிள்ளைகள். ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம்வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்களோடு பயிர்ச்செய்கையும் கற்கின்றனர். நாற்றுமேடை உண்டு, கூட்டெரு உண்டு. காணியுரிமை, கூலி, நெல்விலை பற்றிய பேச்சு அரிது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியபோது, உழவன் மகனை உழவனாகவே இருத்தும் ஏற்பாடோ எனப் பெற்றோர் ஐயுற்றனர். அதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதி ஓர் ஆணையால் தடைப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை கைவிடப்பட்டது. இடையில் வெளிறிய பயிரைத் தந்தையின் வயலிலே கண்ட மாணவன், நைதரசனைப் பற்றி மனனம் செய்தவன், ஆணையிட்டவர் எவரைக் கேட்டு இட்டனர் என்று வினவினால் அதுவும் விவசாயப் பாடமே.

நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளைத் தமிழாசிரியர் யாப்புக்காக மட்டும் நடத்தவேண்டியதில்லை. விவசாய ஆசிரியரையும் உடன் இருத்தலாம். மொட்டைக்கறுப்பன் விதைத்த பாட்டன்மாரிடம் பிள்ளைகளை அனுப்பி, நெல்லின் பெயரோடு அன்று வயல் யாருடையது என்பதையும் எழுதிவரச் சொல்லலாம்.