ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து. ஸ்லோவாக இருக்கிறதா, ஃபார்மட். சத்தம் வரவில்லையா, ஃபார்மட். பிரின்ட்டர் மக்கர் பண்ணினால்கூட ஃபார்மட் செய்யத் தயாராக இருக்கிறார்கள். ஊசி போடாத டாக்டரை நாம் நம்ப மாட்டோம் அல்லவா, அதே மாதிரி ஃபார்மட் செய்யாத கடைக்காரரையும் நம்புவதில்லை. எனவே தப்பு அவர்கள் பேரில் மட்டும் இல்லை.

சமீபத்தில் செம்மங்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், சிப்காட் பக்கம். 2025 ஜூலை 8 காலை ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அந்த ஊர். காபி டம்ளரை வைத்த கையோடு ஒரு பழைய லேப்டாப்பையும் கொண்டுவந்து வைத்தார்கள். (கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தால் இதுதான் கதி. டாக்டரிடம் கல்யாண வீட்டில் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள்.)

பெண் ப்ளஸ் டூ படித்தபோது கிடைத்த இலவச லேப்டாப். ரொம்ப ஸ்லோ என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் விண்டோஸைப் புதுசாகப் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. ஒரே ஒரு குறை. ஸ்டார்ட் பண்ணும்போது விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும் கறுப்புத் திரையைக் காணோம். லினக்ஸையும் காணோம்.

''அதுலதான் அண்ணே, குரூப் ஃபோருக்கு நோட்ஸ் எல்லாம் வச்சிருந்துது புள்ள. ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரியா உக்காந்து அடிச்சுது'' என்றார் நண்பரின் மனைவி. பெண் ஒன்றும் பேசவில்லை. அழுது முடித்திருந்தாள் போல.

இரண்டாவது கடைக்காரர் பார்த்துவிட்டு, ''ஏதோ தெரியாத பார்ட்டிஷன் ஒண்ணு எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு, ஃபார்மட் பண்ணிடலாம்'' என்று சொல்ல, இவள் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்.

கொஞ்சம் பின்கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. முதல் வருட இலக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல். அந்தத் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்கள். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய சுதேசி. பள்ளிப் பிள்ளைகளிடம் பெரிய எண்ணிக்கையில் இரட்டைக் குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் என்றால் வாசல் கதவுச் சாவி யாரிடம் என்பதைச் சொல்ல வேண்டாமா?

அந்த வாசலைப் பற்றிச் சொல்கிறேன். பழைய ரக ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்று பெயர். அதில் 446 பைட் ஒரு குட்டி ப்ரோகிராம். 64 பைட்டில் டிஸ்க் எப்படிக் கூறு போடப்பட்டிருக்கிறது என்கிற அட்டவணை. மிச்சம் 2 பைட் கையெழுத்து. ஸ்விட்ச்சைப் போட்டதும் இயந்திரம் முதலில் படிப்பது இதைத்தான். இரட்டைக் குடித்தனத்தில் அந்த 446 பைட்டில் உட்கார்ந்திருப்பது கிரப். 1995ல் எரிக் போலின் என்பவர் தொடங்கியது. இயற்பியல்காரர்கள் தேடும் 'கிராண்ட் யூனிஃபைடு தியரி'யைக் கிண்டல் செய்து வைத்த பெயர். 'யாரைக் கூப்பிடட்டும்?' என்று கேட்பது அதன் உத்தியோகம்.

விண்டோஸை மறுபடி போடும்போது அது இந்த 446 பைட்டில் தன் ப்ரோகிராமை எழுதிவிடும். ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று கேட்காது. ஆக, செம்மங்குப்பத்தில் போனது வாசல் காவல்காரன் மட்டுமே. உள்ளே அறையில் அந்தப் பெண்ணின் நோட்ஸ் ஓர் எழுத்துக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு விண்டோஸில் ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துத் திறக்கப் பாருங்கள். 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்தாக வேண்டும், செய்யலாமா?' என்று ஒரு பெட்டி வரும். இந்த வாக்கியத்தை நிதானமாகப் படியுங்கள். 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடம். அதற்குப் பதில் 'இது படிக்கத் தக்கதல்ல' என்கிறது. தெலுங்கு தெரியாத ஒருவர் தெலுங்குப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, 'வெறும் காகிதமாக இருக்கிறதே, அடுப்பில் போடட்டுமா?' என்று கேட்கிற மாதிரி. 'ஆம்' பட்டனை அமுக்கினால் இரண்டு வருஷ ராத்திரிகள் போச்சு. கம்ப்யூட்டர் வாக்கியங்களில் இதைவிடப் பொறுப்பில்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை.

லினக்ஸ்காரர்கள் கை தட்ட வேண்டாம். உங்கள் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு யாராவது லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டால், அடுத்த தடவை கறுப்புத் திரையில் 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஒற்றை வரி. கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று கர்சர் மினுக்கும். ரெஸ்க்யூ என்றால் மீட்பு. மனுஷன் நம்பி 'ஹெல்ப்' என்று அடிப்பான். அப்படி ஒரு கட்டளை தெரியாது என்று பதில் வரும்! அந்த நிலையில் அதற்குத் தெரிந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய நாலைந்து கட்டளைகள். உதவி அதில் சேர்த்தியில்லை. விண்டோஸுக்கு வாய் நீளம் என்றால் இவருக்கு வாயே இல்லை.

புது இயந்திரங்களில் மாஸ்டர் பூட் ரெக்கார்ட் இல்லை, யூஇஎஃப்ஐ வந்துவிட்டது, ஆளுக்கொரு ஃபோல்டர், சண்டை தீர்ந்தது என்று நினைத்தோம். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டது. ஓட்டையுள்ள பழைய பூட் லோடர்களைத் தடுப்பதற்காக. இரண்டு சிஸ்டம் வைத்திருக்கும் இயந்திரங்களைத் தொடாது என்றுதான் சொன்னார்கள். தொட்டது. 'ஏதோ பெரிய விபரீதம் நடந்துவிட்டது' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி காட்டிவிட்டுப் பலருடைய லினக்ஸ் கிளம்ப மறுத்தது. முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதம். கர்ப்ப காலம்.

சரி, வைத்தியம். என் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் இருக்கும். டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுகிற லைவ் ரகம். அதிலிருந்து கிளப்பினேன். முதலில் செய்ய வேண்டியது ரிப்பேர் அல்ல, காப்பி. பலர் இந்த வரிசையை மாற்றித்தான் சொதப்புகிறார்கள். பார்ட்டிஷன் பட்டியலில் எஸ்டிஏ5 என்று ஒன்று இருந்தது. (5 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய முறையில் பிரதானக் கூறுகள் நாலுதான். உள்கூறுகள் எப்போதும் 5ல்தான் தொடங்கும்.) திறந்தேன். பெண்ணின் பெயரில் ஃபோல்டர். உள்ளே 'இந்திய அரசியலமைப்பு', 'சிந்து சமவெளி', 'திருக்குறள் பொருட்பால்', 'நடப்பு நிகழ்வுகள்'.

''இருக்கா அங்கிள்?''

''எண்ணிப் பாத்துக்கோம்மா.''

அதற்கப்புறம் அவள் திரையைவிட்டு நகரவில்லை. எல்லாவற்றையும் இன்னொரு பென் டிரைவில் காப்பி செய்ய இருபது நிமிஷம். பிறகு எஸ்டிஏ5-ஐ மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்று டைரக்டரிகளையும் அதனுடன் கோத்து, சிஹெச்ரூட் கட்டளையில் உள்ளே நுழைந்து, 'கிரப்-இன்ஸ்டால்' என்று டிஸ்க்கின் பெயரோடு ஒரு வரி. கவனியுங்கள், பார்ட்டிஷன் பெயர் அல்ல, டிஸ்க் பெயர். எஸ்டிஏ, எண் கிடையாது. கடைசியாக 'அப்டேட்-கிரப்'. அது அக்கம்பக்கம் பார்த்து, 'விண்டோஸைக் கண்டேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னது. (2021ல் வந்த கிரப் 2.06 முதல் பாதுகாப்பு கருதி இந்தத் தேடலைத் தாமாகச் செய்யாதபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புது லினக்ஸில் ஓஎஸ்-ப்ரோபரை நீங்கள்தான் அனுமதிக்க வேண்டும். மறந்தால் லினக்ஸ் வந்து விண்டோஸ் காணாமல் போகும் தலைகீழ் சோகம்.) மொத்தம் ஐந்து நிமிஷம். காபி ஆறியிருந்தது.

இதில் மேதாவித்தனம் எதுவும் இல்லை. நான் அடித்தது ஏழெட்டு வரிகள். ஒரு தபால் கார்டில் அடங்கும். லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுக்கும்போது மூடியில் படம் போட இடம் இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க காலி. அங்கே, 'இதில் இரண்டு சிஸ்டம் உண்டு. ஒன்று தெரியவில்லை என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமல்ல. யார் சொன்னாலும் ஃபார்மட் செய்ய விடாதே' என்று தமிழில் மூன்று வரி ஒட்டினால் என்ன செலவு? 2012 முதல் கணியம் போன்ற இதழ்களில் ஆர்வலர்கள் லினக்ஸை எளிய தமிழில், காசு வாங்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்தே எடுத்துப் போட்டிருக்கலாம். எத்தனை பாஸ் லினக்ஸ் பார்ட்டிஷன்கள் 'எடத்த அடைச்சுக்கிட்டு' இருந்ததற்காகக் காலி செய்யப்பட்டனவோ, உள்ளே யார் யார் நோட்ஸ் இருந்ததோ.

மறுநாள் செம்மங்குப்பத்திலிருந்து போன்.

''அங்கிள், எல்லாம் நல்லா வருது. ஆனா மணி மட்டும் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது.''

அதைக் கெடுத்தது நான்தான். என் பென் டிரைவ் லினக்ஸ், அவர்கள் வீட்டு வைஃபையில் நேரம் கேட்டுக்கொண்டு, லேப்டாப் கடிகாரத்தில் கிரீன்விச் கணக்கை எழுதிவைத்துவிட்டது. விண்டோஸ் அதைக் கடலூர் மணி என்று நம்பிக் காட்டுகிறது. நேரத்தைக் கையாலேயே திருத்திவிடு என்றேன்.

''வேற ஒண்ணும் பண்ண வேணாமா? ஃபார்மட்...''

''வேணாம்மா!''