பொருளுணர் வலையும் சமூக வலையும்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா இலக்கண நூலார்க்கும் தத்துவ நூலார்க்கும் மட்டுமே உரியதெனப் பன்னெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. கணினி தோன்றிய பின்னர் அவ்வினா பொறியியலார்க்கும் உரியதாயிற்று. மக்கள் எழுதி வைத்தவற்றைப் பொறி சேமிக்கும், தேடும், எண்ணும். ஆயின் அவற்றின் பொருளை அஃது அறியுமோ? 1989ஆம் ஆண்டிலே ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆய்வுக்கூடத்திலிருந்து உலகளாவிய வலைக்கு வித்திட்ட ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார், 2001ஆம் ஆண்டு மே மாதத்திலே ஜேம்ஸ் ஹென்ட்லர், ஓரா லசிலா என்னும் இருவரோடுங் கூடி 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் வரைந்த கட்டுரை இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டதாகும். பக்கங்களை மாத்திரமன்றி, அப்பக்கங்களிற் கூறப்படும் பொருள்களையும் ஒன்றோடொன்று தொடுக்கவல்ல வலையொன்றை அவர்கள் வேண்டினர். அதனைப் பொருளுணர் வலை எனலாம்.

அக்கட்டுரை வெளிவந்த சில ஆண்டுகளுள்ளே வேறொரு வலை பரந்து வளர்ந்தது. பிளிக்கர், பேஸ்புக் என்பன 2004ஆம் ஆண்டிலே தோன்றின. கோடிக்கணக்கான மக்கள் தம் படங்களையும் கருத்துக்களையும் நட்புக்களையும் இத்தகைய தளங்களிலே தாமே பதிந்து வைத்தனர். இது சமூக வலை. இவ்விரு வலைகளையும் இணைத்தல் வேண்டும், இணைத்தலும் கூடும் என்னும் கொள்கையை விரிவாக எடுத்துரைத்தது, 'சமூகப் பொருளுணர் வலை' எனப் பொருள்படும் பெயருடன் 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நூலாகும். ஜோன் பிரெஸ்லின், அலெக்சாந்தர் பசான், ஸ்டெபான் டெக்கர் என்னும் அதன் ஆசிரியர் மூவரும் அயர்லாந்து நாட்டுக் கோல்வே நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பணியாற்றியோர். அந்நூலின் கொள்கையைக் காலம் இப்பொழுது சோதித்துவிட்டமையால், அதன் நிறையும் குறையும் ஆராய்தற்குரியன.

முதற்கண் கொள்கையின் அடிப்படையை நோக்குதல் தகும். பொருளுணர் வலையின் அலகு மூன்று உறுப்பாலாய கூற்று ஒன்றேயாம். 'கண்ணன் வள்ளியை அறிவான்' என்ற வாக்கியத்திலே எழுவாய் ஒன்று, செயப்படுபொருள் ஒன்று, அவ்விரண்டையும் பிணிக்கும் உறவு ஒன்று உண்டு. இம்மூன்றுக்கும் தனித்தனியே நிலையான முகவரி அளித்து எழுதும் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டில் ஆர்.டி.எவ். என்னும் பெயரால் நியமமாக வெளியிட்டது. இரு தளங்கள் ஒரே முகவரியை வழங்குமாயின், ஒன்றிற் பேசப்படும் கண்ணனும் மற்றொன்றிற் பேசப்படும் கண்ணனும் ஒருவனே எனப் பொறி ஐயமின்றித் துணியும்.

சமூக வலையிலே இத்துணிவு இல்லை. ஒளிப்படமொன்றுக்கு ஒருவர் 'யாழ்' எனக் குறிச்சொல் இடுகின்றார் எனக் கொள்வோம். அச்சொல் நரம்புக் கருவியைக் குறித்ததோ, யாழ்ப்பாண நகரைக் குறித்ததோ பொறி அறியாது. அந்நகரையே வேறொருவர் முழுப்பெயராலும், பிறிதொருவர் ஆங்கில எழுத்தாலும் குறிப்பராயின், அவையெல்லாம் ஒன்றே என்பதையும் அஃது அறியாது. பலபொருள் குறித்த ஒருசொல், ஒருபொருள் குறித்த பலசொல் என நம் இலக்கண நூலார் வகுத்த இரண்டும் இங்கே ஒருங்கே இடர் விளைக்கின்றன. இவ்விடரைத் தீர்த்தற்கு நிகண்டு நூலார் தனித்தனித் தொகுதிகள் வகுத்தாற்போல, பசான் முதலியோர் ஒவ்வொரு குறிச்சொல்லையும் அதன் பொருளைச் சுட்டும் முகவரியொன்றோடு பிணிக்கும் முறையை வகுத்தனர்.

இரு வலைகளும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்பும் என்பதே ஆசிரியர்தம் வாதத்தின் உயிர்நாடி. பொருளுணர் வலைக்கு நுண்ணிய இலக்கணம் இருந்தது. அவ்விலக்கணப்படி எழுதித் தருவோர் அருகியிருந்தனர். சமூக வலையிலே எழுதுவோர் எண்ணிறந்தோர், ஒழுங்கோ இல்லை. உழைப்பாரையும் ஒழுங்கையும் ஒருங்கு சேர்த்தல் அறிவுடைய செயலே என்பதில் ஐயமில்லை.

இக்கொள்கை ஓரிடத்திலே சிறந்த பயன் தந்தது. பலர் கூடித் திருத்தும் விக்கிப் பக்கங்களுக்குப் பொருட்குறிப்புச் சேர்க்கும் மென்பொருளொன்றை மார்க்குஸ் குரோட்ஷ், டெனி விராண்டெசிச் முதலியோர் 2005ஆம் ஆண்டில் உருவாக்கினர். அவ்வழியிலே வளர்ந்த சிந்தனையே 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் விக்கித்தரவு என்னும் பொதுக் களஞ்சியமாக மலர்ந்தது. அதிலே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பேரண்டத்துக்குக் கியூ 1; மனிதனுக்குக் கியூ 5. எண்ணே அடையாளமாதலின், எந்த மொழிப் பெயரும் தலைமைப் பெயராகாது. ஆங்கிலப் பெயர் எத்தகையதோ தமிழ்ப் பெயரும் அத்தகையதே. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையொன்று அதே பொருள்பற்றிய பிறமொழிக் கட்டுரைகளோடு தொடுக்கப்படுவதும் இக்களஞ்சியத்தின் வாயிலாகவேயாம். பல நாட்டுத் தன்னார்வலர் தம் உழைப்பாற் பொருளுணர் வலையொன்றைக் கட்டியெழுப்புதல் கூடும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

ஆயின் நூலாசிரியர் பெரிதும் எதிர்நோக்கிய மற்றொரு பயன் கைகூடவில்லை. டான் பிறிக்லி, லிபி மில்லர் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டளவிலே 'நண்பரின் நண்பர்' எனப் பொருள்படும் பெயருடைய சொற்றொகுதியொன்றைத் தொடங்கினர். ஒருவர் தம்மைப் பற்றியும் தாம் அறிந்தோரைப் பற்றியும் பொறி உணரும் வகையில் தம் பக்கத்திலேயே எழுதி வைத்தற்கு அது வழி செய்தது. கோல்வே ஆய்வாளர் அமைத்த எஸ்.ஐ.ஓ.சி. என்னும் சொற்றொகுதி, அவர் எழுதும் உரையாடல்களுக்கும் அவ்வாறே இலக்கணம் வகுத்தது. இவை யாண்டும் வழங்கியிருப்பின், ஒரு தளத்தை விட்டு நீங்குவோர் தம் நட்புவட்டத்தையும் எழுத்தையும் உடன்கொண்டு செல்லுதல் எளிதாயிருக்கும். பெருந்தளங்கள் அதற்கு இசையவில்லை.

அத்தளங்கள் இத்தொழில்நுட்பத்தை முற்றாக ஒதுக்கின எனலும் பொருந்தாது. பேஸ்புக் நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே ஆர்.டி.எவ். முறையைத் தழுவிய குறியீட்டு நெறியொன்றை வெளியிட்டு, வெளியார் தத்தம் பக்கங்களை அதன்படி குறிக்குமாறு வேண்டியது. கூகிள், மைக்ரோசொப்ற், யாகூ என்னும் நிறுவனங்கள் 2011ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பொதுச் சொற்றொகுதியொன்றைக் கூடி அமைத்தன. தேடற் பக்கங்களிலே தம் பொருள் விளங்கித் தோன்றும் என்ற ஆதாயங் கருதி வணிகரும் பத்திரிகை நடத்துவோரும் அதனை விரும்பி ஏற்றனர். இவ்வாறு வெளியுலகின் பொருட்குறிப்புக்கள் பெருந்தளங்களை நோக்கிப் பாய்ந்தன. பயனாளரின் உறவுக் குறிப்புக்கள் அத்தளங்களினின்றும் வெளியே பாயவில்லை. நூலாசிரியர் வகுத்த வாய்க்கால் வெட்டப்பட்டது. நீர் மட்டும் ஒரு திசையிலேயே ஓடிற்று.

இதற்குக் காரணம் வணிகப் பேராசையே என்பர் பலர். அது மெய்யெனினும் முழுமெய்யன்று. 2018ஆம் ஆண்டிலே வெளிப்பட்ட கேம்பிறிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரம் மறுபாதியைப் புலப்படுத்துகின்றது. ஆளுமைபற்றிய வினாவிடைச் செயலியொன்றை நிறுவியோர் ஏறத்தாழ 2,70,000 பேர். பயனாளரின் நண்பர்பற்றிய விவரங்களையும் செயலிகள் பெறுதற்குப் பேஸ்புக் அக்காலத்திலே இடமளித்திருந்தமையால், 8 கோடியே 70 இலட்சம் பேர்வரை அதனாற் பாதிக்கப்பட்டிருக்கலாம் என அந்நிறுவனமே கூறிற்று. அவ்வாயில் பொருளுணர் வலையின் நியமப்படி அமைந்ததன்று. எனினும், உறவு என்பது பொறி உணரும் கூற்றாகி வெளியே செல்லுமிடத்து யாது நிகழும் என்பதற்கு அது தக்க சான்றாகும். இசைந்தவர் ஒருவர், விவரம் இழந்தோர் அவரை நண்பரெனக் கொண்ட பலர்.

நூற்கொள்கையின் குறை இவ்விடத்திலே தெளிவாகின்றது. 'யாழ்ப்பாணம் ஒரு நகர்' என்பதும் 'கண்ணன் வள்ளியை அறிவான்' என்பதும் வடிவால் ஒரு தன்மையன; உரிமையால் வேறானவை. முன்னது பொதுவறிவு, யாவரும் கூறலாம், யாவரும் திருத்தலாம். பின்னது இருவரிடையே உள்ளதொன்று. கண்ணன் அதனைத் தன் உடைமையென எடுத்துச் செல்லுங்கால் வள்ளிக்குரிய பங்கையும் எடுத்துச் செல்கின்றான். மேலும், நட்பு நாள்தோறும் மாறும் இயல்பினது. நேற்று எழுதிய கூற்று இன்று பொய்யாதலும், மெய்யாயினும் மறைத்தற்குரியதாதலும் உண்டு. 'அறிவான்' என்னும் உறவுச்சொல்லின் பொருளை அதனை அமைத்தோரே வரையறுத்துக் கூறாது நெகிழ விட்டமை இவ்வியல்பை அவரும் ஒருவாறு உணர்ந்திருந்தமையைக் காட்டும். இருவகைக் கூற்றுக்களையும் ஒரே இலக்கணத்தால் எழுதலாம் என்பதனால் ஒரே முறையால் வழங்கலாம் எனக் கொண்டமையே இக்கொள்கையாளர் தவறிய இடம்.

இத்தவற்றுக்குத் திருத்தம் காணும் முயற்சிகள் இல்லாமலில்லை. அக்ரிவிற்றிபப் என்னும் நெறியை வலைக் கூட்டமைப்பு 2018ஆம் ஆண்டு யனவரி மாதத்திலே நியமமாக ஏற்றது. அந்நெறியில் இயங்கும் மஸ்ரடொன் என்னும் தளத்திலே ஒருவர் ஒரு வழங்கியை விட்டு மற்றொன்றுக்குச் செல்லுங்காற் பின்தொடர்வோரை உடன்கொண்டு செல்லலாம். முன்னெழுதிய பதிவுகளைக் கொண்டு செல்லலாகாது. பேர்ணர்ஸ்-லீ தொடங்கிய சொலிட் என்னும் திட்டமோ ஒவ்வொருவரும் தம் தரவைத் தம் களஞ்சியத்திலே வைத்து, வேண்டுவோர்க்கு மட்டும் இசைவளிக்கும் முறையை நாடுகின்றது. இசைவைக் கூற்றோடு சேர்த்து நோக்கும் அளவில் இது முன்னேற்றமே. ஆயின் இருவர்க்குரிய கூற்றிலே இசைவளிப்பார் யாவர் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

குறியீடு எதுவுமின்றியே இயல்பான எழுத்தைக் கையாளும் பெருமொழி மாதிரிகள் வந்துவிட்டமையால் பொருளுணர் வலை வேண்டுவதின்று என்பாரும் இக்காலத்துளர். 'யாழ்' என்பது எவ்விடத்துக் கருவி, எவ்விடத்து நகர் என்பதை அம்மாதிரிகள் பெரும்பாலும் சூழல் நோக்கி உணர்ந்துகொள்ளும். எனினும் ஒரு கூற்றைச் சொன்னவர் யார், யாரைப் பற்றியது, யாருடைய இசைவோடு வெளிவந்தது என்பன சூழலால் மட்டும் அறியப்படுவனவல்ல. அவற்றை வெளிப்படையாக எழுதி வைத்தல் முன்னரினும் இப்பொழுதே மிக வேண்டப்படுகின்றது.

ஆதலின் கோல்வே ஆசிரியர் மூவரின் முயற்சி வீணெனல் நேர்மையாகாது. மக்கள் கூட்டாகப் படைக்கும் பொதுவறிவுக்கு அவர் பரிந்துரைத்த நெறி இன்றும் செல்லும் நெறியே. மக்களின் உறவுகளுக்கு அந்நெறி செல்லவேண்டுமாயின், எழுவாயும் உறவும் செயப்படுபொருளுமாகிய மூன்றோடு அவ்விருவரின் இசைவும் நான்காம் உறுப்பாக அமைதல் வேண்டும். அதனைச் சேர்க்காத இணைப்பு எத்துணை நுட்பமானதாயினும் மக்கள் அதனிடம் தம் நட்பை ஒப்படைக்கத் தயங்குவர், அத்தயக்கம் நியாயமானதே.