கைவிடத் தெரிந்தவன்

இணையச் சமராட்டத்தில் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் தனக்கு நிகரில்லாத சாகாமத்து இளைஞன் ஒருவனை, அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரையில் ரசிகர்கள் 'கஞ்சன்' என்றே அழைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய, செக்கனுக்கு 10 மெகாபிட் என்ற ஏற்று வேகத்தைத் தன் ரவுட்டரில் தானே 9 ஆகக் குறைத்துக்கொண்டு ஆடுகிறான் என்பதே அவன்மீதுள்ள குற்றச்சாட்டு. வேகமே வெற்றி என்ற பிரமையில் ஊறிய இவர்கள், அவனுடைய ஆட்டத்தின் மிகவும் ஆக்ரோஷமான தீர்மானத்தைக் கோழைத்தனம் என்று வாசிக்கிறார்கள் என்பது என் கட்சி.

மஃரிபுக்குப் பின், கத்தாரிலிருக்கும் வாப்பாவுக்குத் தங்கச்சி நீண்ட வீடியோ ஒன்றை அனுப்பத் தொடங்குகிறாள் என்று கொள்வோம். மோடத்துக்குள் ஒரு மெகாபைட் தரவு வரிசையாய்ச் சேர்ந்துவிட்டால், அதன் வாலில் போய் நிற்கும் சுடும் கட்டளை 800 மில்லிசெக்கன் கழித்தே வெளியேறும். அதற்குள் எதிரி மறைவிடம் மாறிவிடுவான். 9 என்று கட்டுப்படுத்தியவனுக்கோ வரிசை மோடத்தில் சேராமல் தன் ரவுட்டரிலேயே சேர்வதால், அதை ஆளும் அதிகாரம் அவன் கைக்கு வருகிறது. அவ்வதிகாரத்தைக் கொண்டு ஆட்டத்துக்கும் வீடியோவுக்கும் தனித்தனி வரிசை வகுப்பதோடு, 2012இல் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் முறைப்படி, 5 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லிசெக்கன் வரை நீடித்தால், வீடியோவின் தரவுப் பொதி ஒன்றை வேண்டுமென்றே கைவிடுகிறான். இழப்பை அறிந்த அனுப்பும் கருவி தானாகவே வேகத்தைத் தணித்துக்கொள்கிறது. தங்கச்சியின் வீடியோவும் சற்றுப் பிந்தியேனும் முழுதாய்ப் போய்ச் சேர்கிறது.

இத்தீர்மானத்தின் தராதரம் மேசையில் இரண்டு கணினிகளை ஒரு வடத்தால் இணைத்துப் பரீட்சிப்பவருக்குத் தெரியாது. அங்கே பதில் ஒரு மில்லிசெக்கனுக்குள் திரும்புவதால் எந்த அமைப்பும் வெல்லும். நம்மவனோ ரவுட்டருக்கும் மறுமுனைக்கும் நடுவே பழைய கணினியொன்றை இருத்தி, லினக்ஸிலுள்ள நெட்எம் கருவியால் 40, 80, 150 மில்லிசெக்கன் என்று கிருத்திமத் தாமதம் ஊட்டி ஒவ்வொன்றிலும் வரிசையின் நடத்தையைக் கவனிக்கிறான். தாமதத்தை ரவுட்டரிலேயே ஊட்டாததும் விவேகந்தான். ஆட்டக்காரனே நடுவராகவும் நின்றால் தீர்ப்பை யார் நம்புவார்?

அவன் ஊட்டும் தாமதங்கள் தூரத்தைக் குறிப்பவை: ஒளியிழையில் சமிக்ஞை செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், கொழும்பிலிருந்து 2,700 கிலோமீற்றரிலுள்ள சிங்கப்பூருக்குப் போய்வர 27 மில்லிசெக்கனேனும் வேண்டும். 8,700 கிலோமீற்றரிலுள்ள லண்டனுக்கு நேர்கோட்டிலேயே 87 வேண்டும். வளைந்து செல்லும் கடலடி வடத்திலோ அது 100ஐத் தாண்டும். அத்தூரத்தில் 100 மில்லிசெக்கன் பொறுமை போதாது; முதல் இழப்புக்குப் பயன் தெரியுமுன்னரே இரண்டாவது பொதியும் வீணாய்க் கைவிடப்படும். ஆகவே 150 ஊட்டிய நாளில் அந்தப் பொறுமை எல்லையையும் அவன் உயர்த்தினான். அதைத்தான் 'தயக்கம்' என்று பழித்தார்கள்!

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கம் பெறும் அந்தஸ்தை அடைந்துவிட்ட இவ்விளையாட்டில், வரும் பருவத்தில் நிகழவிருப்பது எனக்குச் சந்தேகமின்றித் தெரிகிறது. இணைப்பின் வேகத்தை நான்கு மடங்காக்கியவர்கள் காலைப் பயிற்சியில் ஜொலித்து, பெரிய கோப்புகள் ஏறும் அந்திவேளையில் தடுமாறுவார்கள். அணித்தலைவர்கள் வேகச் சோதனையின் எண்ணைக் கேட்பதை விட்டு, 150 மில்லிசெக்கன் தாமதத்தில் உன் வரிசை எப்படி நிற்கிறது என்று கேட்கத் தொடங்குவார்கள். பந்தயம் கட்டுவது நமக்கு ஆகாது. ஆயினும் ஐரோப்பிய அணியோடு மோதும் முதல் ஆட்டத்திலேயே 'கஞ்சன்' என்றவர்கள் அவனிடம் ரவுட்டர் அமைப்பைக் கேட்டு வரிசையில் நிற்பார்கள் என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன்.