பின்மூடிக்கு உள்ளே: வால்ஜூ 72

நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்துக்கு வந்தது. விலை 1.77 கோடி டாலரைத் தாண்டியது. காரைக் கவனமாக ஓட்டும்படி அவர் மனைவி ஜோஆன் உட்வர்ட் பின்மூடியில் பொறித்துக் கொடுத்திருந்த வாசகத்தைப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எனக்கு அந்த மூடியின் உட்பக்கம்தான் முக்கியம். அங்கே ஓடுவதற்கு அடிப்படை, ரோலெக்ஸ் தானே உருவாக்கிய இயந்திரம் அல்ல. வேறொரு பட்டறையிலிருந்து வாங்கி, தன் தரத்துக்கு மெருகேற்றிக்கொண்ட வால்ஜூ 72 என்ற குரோனோகிராஃப், அதாவது நிறுத்துகடிகார இயந்திரம்.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில், ஜூ ஏரிக்கரையில் லே பியூ என்று ஒரு சிற்றூர். ரேமண்ட் சகோதரர்கள் அங்கே தொடங்கிய பட்டறைதான் பிறகு வால்ஜூ ஆனது. இயந்திரம் செய்து மற்றவர்களுக்கு விற்பதே அவர்கள் தொழில். டயலில் யார் பெயர் வருகிறது என்பது அவர்கள் கவலை இல்லை. 1938 முதல் 1974 வரை செய்யப்பட்ட 72, ஹோயர் கரேராவில் இருக்கிறது, ஆட்டாவியாவில் இருக்கிறது, எனிகார் ஷெர்ப்பா கிராஃபில் இருக்கிறது, அறுபதுகளின் யுனிவர்சல் ஜெனீவ் காம்பாக்ஸில் இருக்கிறது. இவற்றின் இன்றைய விலைகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பொத்தானை அழுத்தும் விரலுக்கு அந்தத் தூரம் தெரியாது.

அந்த அழுத்தத்தில் நடப்பதைச் சொல்கிறேன். சாவி கொடுத்து ஓடவிட்டு, பின்மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓரமாக ஒரு சிறிய சக்கரம், அதன் மேல் வட்டமாகத் தூண்கள். மேல் பொத்தானை அழுத்தியதும் தூண் சக்கரம் ஒரு பல் நகரும். தூண்களில் சாய்ந்து நின்ற நெம்புகளில் ஒன்று இடைவெளிக்குள் இறங்கும், இன்னொன்று தூணின் மேல் ஏறும். இறங்கிய நெம்பு ஒரு பற்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், நடுவிலுள்ள விநாடிச் சக்கரத்தோடு கோத்துவிடும். டயலில் நீண்ட முள் புறப்படும். பல்லும் பல்லும் நுனியில் முட்டிக்கொண்டால் முள் லேசாகத் துள்ளிக் கிளம்பும். இந்த வகை இணைப்பில் அது இயல்பு, பழுது என்று பதற வேண்டியதில்லை. மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் சுத்தியல் ஒன்று, அச்சில் பொருத்திய இதய வடிவத் தகட்டின் மீது விழும். முள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் தகடு வழுக்கிச் சுழன்று, இதயத்தின் பள்ளத்தில்தான் வந்து அடங்கும். முள் பூஜ்யத்துக்குத் திரும்பியாயிற்று. அடால்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. ஒரு வடிவத்தைக் கொண்டே ஒரு கணக்கை முடித்துவைத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

தூண் சக்கரத்தின் சுகம் விரலில்தான். எதிர்ப்பு சீராக ஏறி, ஒரு கணத்தில் சுத்தமாக விட்டுக்கொடுக்கும். பின்னால் வந்த வால்ஜூ 7750 போன்ற இயந்திரங்கள் தூண்களை விட்டுவிட்டு, செலவு குறைந்த தகட்டு அமைப்புக்கு மாறின. அவையும் நன்றாகவே ஓடும். ஆனால் அந்தப் பொத்தான் கட்டைவிரலோடு மல்லுக்கட்டும்.

டேடோனா 6239, கரேரா 2447 இரண்டும் 1963இல் வந்தவை. ஒரே ராகத்தை இரண்டு வித்வான்கள் எடுத்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றும். ரோலெக்ஸ், வேகம் கணக்கிடும் அளவுகோலை டயலிலிருந்து எடுத்து வெளிவளையத்தில் பொறித்தது. ஒரு கிலோமீட்டரை 30 விநாடியில் கடந்தால் முள் 120ஐக் காட்டும். மெக்சிகோவின் கரேரா பனமெரிகானா பந்தயத்திலிருந்து தன் வாட்ச்சுக்குப் பெயரை எடுத்த ஜாக் ஹோயர், விநாடி அளவுகோலைக் கண்ணாடியைத் தாங்கும் உள்வளையத்துக்கு நகர்த்தினார். 72 மணிக்கு 18,000 முறை துடிக்கிறது, அதாவது விநாடிக்கு ஐந்து. உள்வளையத்தில் விநாடியை ஐந்தாகப் பகுத்த கோடுகள் அந்தத் துடிப்பின் கணக்கு. டயலில் மிஞ்சியது மூன்று சிறு வட்டங்களும் வெறுமையும்தான். பணத்தை மறந்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் கரேராவைத்தான் எடுப்பேன்.

வாங்குகிறவர் முதலில் பயப்பட வேண்டியது பாலிஷுக்கு. பட்டையைப் பிடிக்கும் கொம்புகளின் கூர்விளிம்பு ஒருமுறை தேய்ந்தால் போனது போனதுதான். கீறல் இருக்கட்டும், அது அந்த வாட்ச் வாழ்ந்த வாழ்க்கை. அடுத்தது டயல். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒளிரும் பூச்சில் ரேடியத்துக்குப் பதிலாக வந்த ட்ரிட்டியம் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இன்று இருட்டில் ஒளிராது, நிறம் மட்டும் பழுத்திருக்கும். முள்ளிலும் டயலிலும் அந்தப் பழுப்பு ஒத்திருக்க வேண்டும். முள் வெளுத்து டயல் பழுத்திருந்தால் ஒன்று மாற்றப்பட்டதாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். புதிதாக வண்ணம் பூசிய டயல், எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, அவசரக்காரர்கள் தவறவிடுவது. 72இல் 6 மணி இடத்தில் இருக்கும் மணிக்கணக்கு வட்டத்தின் உறுப்புகள் டயலுக்கு அடியில் இருக்கின்றன. பின்மூடியைத் திறந்து பார்த்தால் தெரியாது. டயலைக் கழற்றினால்தான் கை எட்டும். அதனால் அரைகுறையாக ரிப்பேர் பார்ப்பவர்கள் அதைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். அங்கே பிடிப்பு தளர்ந்திருந்தால், குரோனோகிராஃபை ஓட்டாதபோதும் அந்தச் சிறு முள் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். எல்லா முள்ளையும் பூஜ்யத்தில் வைத்து, முழுச் சாவி கொடுத்து, ராத்திரி முழுக்க எந்தப் பொத்தானையும் தொடாமல் ஓடவிடுங்கள். காலையில் அந்த முள் வைத்த இடத்திலேயே இருந்தால் விலை பேச உட்காரலாம்.