வம்சாவளி என்றொரு சொல்: ஐ.நா.வும் சாதியும்

மனித உரிமை என்று பேச ஆரம்பித்தாலே நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று, ஐ.நா. பார்த்துக்கொள்ளும் என்பது. இன்னொன்று, அதெல்லாம் ஏகாதிபத்தியத்தின் ஏற்பாடு, நமக்கென்னய்யா அங்கே வேலை என்பது. அந்த அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்று பார்க்காமலேயே இரண்டும் பேசுகின்றன என்று எனக்குப் படுகிறது. உடன்படிக்கைக் குழுக்களிடம் போலீசும் கிடையாது, சிறையும் கிடையாது. இருப்பதெல்லாம் பிரதிகள்தான்: உடன்படிக்கை, அரசு தரும் அறிக்கை, அதன்மீது குழு எழுதும் முடிவுரை. ஆகவே அங்கே நடப்பது, ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்கிற சண்டை.

1965 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் ஆகியவற்றின் பேரில் காட்டும் பாகுபாட்டை அதன் முதல் பிரிவு வரையறுக்கிறது. இதில் 'வம்சாவளி' என்பதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 1968 டிசம்பரில் இந்தியா இதை ஏற்று உறுதி செய்தது. அதே மாதம் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். இந்த இரண்டையும் நான் சேர்த்தே வாசிக்கிறேன்.

1996இல் குழுவின் முன்னால் இந்திய அரசு சொன்ன வாதம்: சாதி வேறு, இனம் வேறு, ஆகவே இது உங்கள் வரம்புக்குள் வராது. சாதி இனமல்ல என்று அம்பேத்கரும்தான் சொன்னார். ஆனால் சாதியை உடைக்கச் சொன்னவர் அவர். அரசு அதே வாக்கியத்தைச் சாதியை மறைக்கச் சொல்கிறது. வம்சாவளி என்பது இனத்தை மட்டும் குறிப்பதல்ல, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நிலைமையும் இதில் அடங்கும் என்று குழு பதில் எழுதியது. 2002இல் வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரையில் சாதி என்ற சொல்லையே பயன்படுத்தியது. தான் கொண்டுபோய்க் கொடுத்த சொல்லின்மேல் இந்தியாவுக்கு இருந்த ஏகபோகம் அத்தோடு போயிற்று.

இடையில் 2001இல் டர்பன் மாநாடு. சாதி உள்நாட்டு விவகாரம் என்று வாதாடி, அந்தச் சொல் இறுதி ஆவணத்தில் வராமல் இந்தியா பார்த்துக்கொண்டது. இதே இந்தியாதான் 1946இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. 'அது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்று அன்றைக்குச் சொன்னது தென்னாப்பிரிக்கா. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழர்களின் வாரிசுகளும் அந்தப் புகாருக்குள் இருந்தார்கள். கடல் தாண்டினால் உரிமை, சேரிக்குள் இருந்தால் உள்நாட்டு விவகாரமா?

அதே 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குத் தந்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டப்படாதவர்களுக்காகத் தாமும் அப்படியொன்று செய்யலாமா என்று யோசிப்பதாக. அறிக்கை தயாராகவும் செய்தது. அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகிற நாடாளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று கொடுக்காமல் வைத்திருந்ததாக 1951இல் பதவி விலகியபோது சொன்னார். அந்தக் காத்திருப்புக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று வெண்மணியைத்தான் கேட்கவேண்டும்.

இதனால் ஜெனீவாவில் விடுதலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்யும் 14ஆம் பிரிவை இந்தியா ஏற்கவில்லை. ஊரில் அடிபட்டவர் நேரே இந்தக் குழுவிடம் போகமுடியாது. அங்கே போய்ச் சேர ஆங்கிலம் வேண்டும், அமைப்பு வேண்டும், பயணச்செலவு வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பேச்சு, போகிற வழியிலேயே வேறொருவரின் அறிக்கையாகிவிடுகிறது. குழுவின் முடிவுரையை அரசு மதிக்காவிட்டால் தண்டனை ஒன்றும் இல்லை. 2007இலும் இந்தியா பழைய பாட்டைத்தான் பாடியது.

இருந்தும் அந்தப் பிரதிகளை நாம் கைவிடக்கூடாது. தமிழில் வம்சாவளி என்றால் ராஜாக்களின் பெருமை. பட்டயத்திலும் புராணத்திலும் வருவது. இழிவும் வம்சாவளியாகவே இறங்குகிறது என்று ஒரு சர்வதேச ஆவணம் எழுதிவைத்திருக்கிறது. 29ஆம் பரிந்துரையை முழுசாய்த் தமிழில் போட்டு, சேரியிலும் சங்கத்திலும் உட்கார்ந்து வாசித்து, அரசு அடுத்த அறிக்கை தரும்போது நமது அறிக்கையை நமது மொழியில் முதலில் எழுதுவோம். ஆங்கிலத்துக்கு அது பிறகு போகட்டும்.